வலியும் காலமும்: தும்பா கற்ற திருத்தக் கலை

வலியசாலையில் வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்குச் 'சாலை' என்னும் சொல் வெறும் தெருவின் பெயரன்று. சாலை என்பது பண்டை நாளில் கல்விக்கூடத்தையும் குறித்தது. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்தே இருந்தது என அறிஞர் பலர் கருதுவர். கி.பி. 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்குரிய சாலை ஒன்றை நிறுவியபோது, காந்தளூரின் ஒழுங்கையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று அவன் செப்பேடு கூறுகிறது. பிறர் பார்த்துப் பின்பற்றும் கல்வி ஒரு காலத்தில் இம்மண்ணில் விளங்கிற்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அச்சாலை மறைந்து பல நூற்றாண்டுகள் சென்றபின், இதே நகரின் வடமேற்குக் கடலோரத்தில் மற்றொரு சாலை எழுந்தது. அதுவே தும்பா. அங்கே கற்கப்பட்ட கலைகள் பல. அவற்றுள் ஒன்றைப் பற்றித் தமிழில் நம்மவர் பேசுவது அரிது. பறக்கும் ராக்கெட்டின் பிழையை அது பறக்கும்போதே திருத்தும் கலை அது. நம் பிள்ளைகள் பலர் பொறியியற் கல்லூரிகளில் இதனைப் பாடமாகப் படிக்கின்றனர். படிப்பிக்கும் பெற்றோர்க்கோ அதன் வரலாறும் உட்பொருளும் தெரிய வாய்ப்பில்லை. அக்குறையை இம்மலரில் ஓரளவேனும் நீக்க விழைகிறோம்.

திருத்தமே தீங்காவது எவ்வாறு?

உள்ளங்கையில் ஒரு நீண்ட கோலை நிமிர்த்தி நிறுத்தும் விளையாட்டை நாமனைவரும் அறிவோம். கோல் சாய்கிறது, கண் காண்கிறது, கை நகர்ந்து அதனை நிமிர்த்துகிறது. விளைவைக் கண்டு, அதற்கேற்பச் செயலை மாற்றும் இம்முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். கண், கருத்து, கை ஆகிய மூன்றும் ஒரு வளையமாக இயங்குகின்றன. இதில் வியப்பு யாதெனில், கோல் விழுவது பெரும்பாலும் திருத்தம் இல்லாமையால் அன்று. திருத்தம் காலந் தவறி வருவதாலேயே ஆம். கை ஒரு கணம் பிந்தினால், இடப்புறம் சாய்ந்த கோலுக்காகச் செய்த திருத்தம், கோல் வலப்புறம் திரும்பிய பின் வந்து சேர்கிறது. அப்போது அது திருத்தமாகாமல் தள்ளுதலாகிவிடுகிறது.

இவ்வுண்மையை மேல்நாட்டார் முதலில் நீராவி யந்திரங்களிற் கண்டனர். 1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம் யந்திரத்துக்கு இரு குண்டுகள் சுழலும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்தினார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் அவை தாழ்ந்து நீராவியைக் கூட்டும். பின்னர் இத்தகைய கருவிகளைக் கொண்ட யந்திரங்கள் சில, ஒரே வேகத்தில் நில்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாது அலைந்தன. இதனைத் தொழிலாளர் 'வேட்டையாடுதல்' என்று அழைத்தனர். இவ்வலைவின் காரணத்தைக் கணிதத்தால் ஆராய்ந்து 1868-இல் கட்டுரை வெளியிட்டவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்காந்தக் கொள்கையால் உலகப் புகழ் பெற்ற அதே பேரறிஞர்தாம் இவர். ஆயினும் அவர் காட்டிய வழி சமன்பாடுகளின் வழி. யந்திரம் சிக்கலாக ஆக, சமன்பாடும் கையாள இயலாதபடி வளர்ந்தது. எளிய வழி பிறப்பதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

தொலைபேசி தந்த வழி

அவ்வெளிய வழி யந்திரச் சாலையிலிருந்து வரவில்லை; தொலைபேசித் துறையிலிருந்து வந்தது. நெடுந்தூரம் செல்லும் பேச்சொலி வழியில் மெலிந்துவிடும். ஆங்காங்கே அதனைப் பெருக்கியாக வேண்டும். பெருக்கும் கருவிகளோ ஒலியைச் சிதைத்தன. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெரால்டு பிளாக் என்னும் இளம் பொறியாளர், 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குச் செல்கையில் இதற்கொரு தீர்வு கண்டார். வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியைத் திருப்பி, எதிராக உட்செலுத்தினால் சிதைவு குறையும் என்பதே அது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அதனைக் குறித்துவைத்தார். ஆனால் அவ்வாறு அமைத்த கருவிகளிற் சில, எவரும் பேசாதபோதே தாமாகக் கூவத் தொடங்கின. திருத்தம் மீண்டும் தீங்காயிற்று.

இதன் காரணத்தை 1932-இல் ஹாரி நைக்விஸ்ட் விளக்கினார். அவர் கொண்ட முறையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, மேல் நுனியைக் கையிற் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுக. மெல்ல ஆட்டினால் கல் கையுடனேயே செல்லும். சற்று விரைவாக்கினால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில், கையின் சிற்றசைவுக்குக் கல் பேரளவில் ஆடும். கையைவிடக் கால் சுற்றுப் பின்தங்கியும் இருக்கும். இன்னும் விரைவாக்கினால் கல்லின் ஆட்டம் சிறுத்துவிடும். கை வலப்புறம் செல்கையில் கல் இடப்புறம் செல்லும். அரைச் சுற்று, அதாவது 180 பாகை, பின்தங்கிவிட்டது என்பது பொருள்.

ஆக, எந்தப் பொருளையும் அறிவதற்கு, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அதனை ஆட்டிப் பார்த்து இரண்டு அளவுகளைக் குறித்தால் போதும். அசைவு எத்தனை மடங்காகிறது என்பது ஒன்று. எவ்வளவு பின்தங்குகிறது என்பது மற்றொன்று. முன்னதைப் பெருக்கம் என்றும் பின்னதைக் கட்டப் பின்தங்கல் என்றும் கூறுவர். வளையத்தைச் சுற்றி வரும் திருத்தம் அரைச் சுற்றுப் பின்தங்கும் அதிர்வெண்ணில், அதன் பெருக்கம் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் அலைவு தேய்ந்து மறையும். ஒன்றுக்கு மிகுமானால், பெரும்பாலான கருவிகளில், அலைவு வளர்ந்துகொண்டே போகும். சமன்பாட்டைத் தீர்க்க வேண்டுவதில்லை. அளந்து படம் வரைந்தாற் போதும்.

அப்படத்தைப் பொறியாளர் அனைவரும் கையாளும் வடிவில் அமைத்துத் தந்தவர் ஹென்டிரிக் போடே. 1945-இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. பெருக்கம் இன்னும் எத்தனை மடங்கு உயர்ந்தால் ஆபத்து என்பதைப் பெருக்கக் காப்பு என்றும், இன்னும் எத்தனை பாகை பின்தங்கினால் ஆபத்து என்பதைக் கட்டக் காப்பு என்றும் வகுத்தார். பெருக்கத்தில் இரு மடங்குக் காப்பும் கட்டத்தில் 30 பாகைக் காப்பும் இருத்தல் நலம் என்பது ராக்கெட்டுத் துறையிற் பெரிதும் வழங்கும் நெறி.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என அடுத்தடுத்து வைத்தார். அவர் கூறியது அரசர்க்கு. ஆயினும் போடேயின் படத்தைக் காணுந்தோறும் அவ்வரிசை நம் நினைவுக்கு வருகிறது. பெருக்கம் என்பது வலி. கட்டம் என்பது காலம். இடன் யாதென்பதை இனிக் கூறுவோம்.

ஈடுசெய் கருவி

ஒரு வளையத்தின் காப்பு போதவில்லை எனின் என் செய்வது? ராக்கெட்டின் உடலை மாற்ற இயலாது. கண்ணுக்கும் கைக்கும் இடையில், கருத்தின் இடத்தில், ஒரு சிறு அமைப்பைச் சேர்த்துக் குறையை ஈடுசெய்யலாம். இதுவே ஈடுசெய் கருவி. இதனில் முந்துவிக்கும் வகை, பிந்துவிக்கும் வகை என இரண்டு உண்டு.

முந்துவிக்கும் வகைக்குச் சுசீந்திரத்துத் தேரோட்டத்தை உவமை கூறலாம். வீதி முனையில் தேரைத் திருப்புகையில், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோர் தேர் நிற்கும் இடத்தை மட்டும் பார்ப்பதில்லை. அது வரும் வேகத்தையும் பார்க்கின்றனர். இடத்தை மட்டும் பார்த்துக் கட்டை இட்டால் தேர் கடந்துவிடும். வேகத்தையும் கணக்கிற் சேர்ப்பதால் செயல் காலத்தால் முந்துகிறது. முந்துவிக்கும் கருவி செய்வதும் இதுவே. பிழையின் அளவோடு பிழை வளரும் வேகத்தையும் சேர்த்து ஆணையிடுகிறது.

ஆனால் இது விலையின்றிக் கிடைப்பதன்று. ஒரு வளையத்தின் பின்தங்கல், பெருக்கம் ஒன்றாகும் இடத்தில், 165 பாகை எனக் கொள்வோம். காப்பு 15 பாகையே. எளிய முந்துவிக்கும் கருவி ஒன்றால் அவ்விடத்தில் 30 பாகை சேர்க்கலாம். அதற்கு ஈடாக, உயர்ந்த அதிர்வெண்களின் பெருக்கம், தாழ்ந்த அதிர்வெண்களோடு ஒப்பிட, 3 மடங்காகிறது. 60 பாகை வேண்டுமெனின் ஏறத்தாழ 14 மடங்காகிறது. அவ்வுயர்ந்த அதிர்வெண்களிலேதான் கருவிகளின் வீண் இரைச்சலும் உடலின் நடுக்கமும் உறைகின்றன. காலத்தைப் பெற வலியை விலையாகக் கொடுக்கிறோம் என்க.

பிந்துவிக்கும் வகை இதற்கு மறுதலை. மெல்ல மாறும் பிழைகளைத் துல்லியமாகத் திருத்தத் தாழ்ந்த அதிர்வெண்களிற் பெருக்கம் மிகுதியாக வேண்டும். உயர்ந்தவற்றிலோ அது குறைய வேண்டும். அதனை இக்கருவி செய்கிறது. அவ்வாறு செய்கையில் சிறிது பின்தங்கலையும் சேர்க்கிறது. ஆகவே, காப்பை அளக்கும் அதிர்வெண்ணினின்றும் மிகத் தாழ்ந்த இடத்தில் அதனை வைத்தல் வேண்டும். முந்துவிப்பதையோ காப்பு குறைந்த அவ்விடத்திலேயே வைத்தல் வேண்டும். எந்தக் கருவியை அதிர்வெண் வரிசையில் எங்கே வைப்பது என்பதே இங்கு இடனறிதல் ஆம்.

இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்காக இக்கலை விரைந்து வளர்ந்தது. ஜெர்மனியில் ஹெல்முட் ஹோல்ட்சர், வி-2 ராக்கெட்டின் கட்டுப்பாட்டில் வேகத்தைத் தனியே அளக்கும் சுழற்கருவிகளுக்கு மாற்றாக, மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட முந்துவிக்கும் அமைப்பைப் பயன்படுத்தினார். 1942 அக்டோபர் 3-ஆம் நாள் அவ்வகை ராக்கெட்டு முதன்முதல் வெற்றியுடன் பறந்தது. அழிவுக்கென ஆக்கப்பட்ட அதே கலைதான் பின்னர் வான்வெளிப் பயணத்துக்கும் அடித்தளமாயிற்று.

தும்பாவுக்கு வந்த தேவை

1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டு எழுந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி அது. புவியின் காந்த நடுக்கோடு அருகிற் செல்வதால் விக்கிரம் சாராபாய் அவ்விடத்தைத் தேர்ந்தார். மீனவர் குடியிருப்பின் நடுவே இருந்த மேரி மக்தலேனா தேவாலயம் பணிமனையாயிற்று. 1967 நவம்பர் 20-இல் நம் நாட்டிலேயே செய்த ரோகிணி-75 பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டரே.

இவ்வாராய்ச்சி ராக்கெட்டுகளுக்கு மேற்கூறிய கலை தேவைப்படவில்லை. அம்பின் இறகுபோல் அடியிற் சிறகுகள் அமைத்துச் சுழலவிட்டால், அவை நேரே ஏறிச் சில நிமிடங்களில் கடலில் வீழும். புவியைச் சுற்றும் துணைக்கோளை ஏவுவதோ வேறு. ராக்கெட்டு தலைநிமிர்ந்து புறப்பட்டு, குறித்த காலத்திற் குறித்த அளவு சாய்ந்து, முடிவிற் புவிக்கு இணையாகப் பாய வேண்டும். அந்நெறியினின்றும் காற்று அதனைத் தள்ளும். மோட்டாரின் சிறு கோணல் தள்ளும். ஒவ்வொரு நொடியும் திருத்தம் வேண்டும்.

எஸ்.எல்.வி.-3 என்னும் முதல் துணைக்கோள் ஏவுவாகனம் இத்தேவையிற் பிறந்தது. நான்கு அடுக்குகள், உயரம் 22.7 மீட்டர், எடை 17 டன், முதலடுக்கின் குறுக்களவு 1 மீட்டர். திட்ட இயக்குநராக விளங்கியவர் இராமேசுவரம் தந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்பது தமிழர் யாவரும் அறிந்தது. வழிகாட்டல், கட்டுப்பாட்டுத் துறையின் முன்னணியில் நின்றவர்களுள் டாக்டர் எஸ்.சி. குப்தா குறிப்பிடத்தக்கவர். பிற்காலத்தில், 1985 முதல் 1994 வரை, விக்கிரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்தவரும் அவரே.

இத்தகைய மெலிந்து நீண்ட வாகனத்திற்கென ஓர் இடர் உண்டு. அது இரும்புத் தூண் அன்று. மூங்கிலைப் போல் வளைந்து நடுங்கும். சாய்வை அளக்கும் சுழற்கருவி, வாகனம் முழுதும் சாய்வதையும் அது பொருத்தப்பட்ட பகுதி மட்டும் நடுக்கத்தால் வளைவதையும் பிரித்தறியாது. வளைவைச் சாய்வு என எண்ணித் திருத்த ஆணை பிறந்தால், அத்திருத்தமே நடுக்கத்தை வளர்க்கும். முந்துவிக்கும் கருவி உயர்ந்த அதிர்வெண்களைப் பெருக்குவது என முன்னர்க் கண்டோம். ஆகவே நடுக்கத்தின் அதிர்வெண்ணை மட்டும் வெட்டி நீக்கும் வடிகட்டி ஒன்றும் வேண்டும். அவ்வடிகட்டியோ தாழ்ந்த அதிர்வெண்களிற் சில பாகைப் பின்தங்கலைச் சேர்த்துவிடும். எரிபொருள் தீரத் தீர எடை குறைந்து நடுக்கத்தின் அதிர்வெண்ணும் மாறும். தாமதமும் சேர்கிறது: ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதம், நொடிக்கு ஓர் அலைவில் 18 பாகையையும், ஐந்து அலைவில் 90 பாகையையும் விழுங்கிவிடும். இவ்வனைத்தையும் ஒரே படத்தில் வைத்து, இங்கே கொடுத்து அங்கே பெறுவதே வடிவமைப்போரின் தொழில். காற்றடைத்த பையை ஒருபுறம் அமுக்கினால் மறுபுறம் எழும். எழும் இடம் தீங்கற்ற இடமாக இருக்கச் செய்வதே திறமை.

மூன்று வீழ்ச்சிகள், மூன்று பாடங்கள்

1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 முதன்முறை ஏவப்பட்டது. முதலடுக்கு நன்கு இயங்கிற்று. இரண்டாமடுக்கில், திருத்தும் சிற்றுந்திகளுக்குரிய அமிலம் வால்வுப் பழுதால் முன்னரே கசிந்துவிட்டமையால், வாகனம் நெறி தவறியது. 317 நொடிகளிற் பயணம் முடிந்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீட்டர் தொலைவிற் கடலில் வீழ்ந்தது. கண்ணும் கருத்தும் இருந்தன, கை இல்லை. வளையத்தில் ஒரு கண்ணி அற்றால் மற்றவற்றின் செம்மை பயன்படாது என்பது முதற் பாடம். ஓராண்டுக்குள், 1980 சூலை 18-ஆம் நாள், அதே வகை வாகனம் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைப் புவியைச் சுற்றவைத்தது.

அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி. கடுமையான ஆசானாயிற்று. 1987 மார்ச்சு 24-இல் முதல் முயற்சி, நடு மோட்டார் பற்றாமையால் வீழ்ந்தது. 1988 சூலை 13-இல் இரண்டாம் முயற்சி. பக்கத்திலிருந்த மோட்டார்கள் அணைந்து, நடு மோட்டார் வலிமை பெறுமுன் இடைப்பட்ட சிறு பொழுதில், காற்றின் சுமை மிகுந்திருந்த வேளையில், கட்டுப்பாடு போதாமல் வாகனம் சாய்ந்து உடைந்தது. பெருக்கம் மிகுந்தால் கேடு என்று முன்னர்க் கூறினோம். தானே நிற்கும் தன்மையற்ற வாகனத்துக்கு, உள்ளங்கைக் கோலைப் போல், பெருக்கம் ஓரளவுக்குக் கீழே குறைவதும் கேடேயாம். திருத்தும் விசை மெலிந்த அச்சிறு பொழுதே போதுமானதாயிற்று. வலியறிதல் இருபுறமும் எல்லை உடையது என்பது இரண்டாம் பாடம்.

பேராசிரியர் ரொத்தம் நரசிம்மா தலைமையில் வல்லுநர் குழு இதனை ஆராய்ந்தது. காலக் கணக்கால் மட்டும் அன்றி, பக்க மோட்டார்கள் அணைவதை உணர்ந்தே நடு மோட்டாரை மூட்டும் ஏற்பாடு வந்தது. நிலைப்புக்குச் சிறகுகள் சேர்க்கப்பட்டன. கட்டுப்பாட்டு அமைப்பும் திருத்தி அமைக்கப்பட்டது. 1992 மே 20-இல் மூன்றாம் ஏ.எஸ்.எல்.வி. துணைக்கோளைச் சுற்றுப்பாதையிற் சேர்த்தது.

1993 செப்டம்பர் 20-இல் பி.எஸ்.எல்.வி. முதன்முறை எழுந்தது. இரண்டாமடுக்கு பிரிகையில் எதிர்பாராத பெருங் குலுக்கல் நேர்ந்தது. திருத்த ஆணை வகுத்த உச்ச அளவைக் கடந்தபோது மட்டும் வெளிப்படக்கூடிய பிழையொன்று கணிப்பொறி நிரலில் மறைந்திருந்தது; அது அன்று வெளிப்பட்டு வாகனத்தை வீழ்த்தியது. அதிர்வெண் முறை சிறு அசைவுகளின் மொழி. கை அதன் எல்லையை முட்டிவிட்டால் போடேயின் படம் வாய்மூடி நிற்கும். எல்லை கடந்தால் என்னாகும் என்பதை வேறு சோதனைகளாலேயே காண வேண்டும் என்பது மூன்றாம் பாடம். 1994 அக்டோபர் 15-இல் இரண்டாம் பி.எஸ்.எல்.வி. வெற்றி கண்டது. பின்னர் அவ்வாகனம் நம் நாட்டின் நம்பிக்கைக்குரிய உழைப்பாளியாக விளங்கிற்று. 2008-இல் சந்திரயானையும் 2013-இல் மங்கள்யானையும் சுமந்தெழுந்தது அதுவே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது யாது? வீழ்ந்த வாகனங்களைத் தும்பா மறைத்துவைக்கவில்லை. காரணம் தேடிற்று, அளந்தது, திருத்தியது, அத்திருத்தமும் தீங்காகாதவாறு மீண்டும் அளந்தது. அந்நிறுவனமே ஒரு பின்னூட்ட வளையமாக இயங்கியமையால்தான் வாகனங்களும் வளர்ந்தன. இன்று போடேயின் படத்தைக் கணிப்பொறி நொடியில் வரைந்து தருகிறது. ஆயினும் எவ்வளவு காப்பு போதும், எங்கே கொடுத்து எங்கே பெறுவது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு படிக்கும் நம் பிள்ளைகளுக்கே உரியது. இப்பாடத்தைத் தேர்வுக்கான சூத்திரமாக மட்டும் அவர்கள் கொள்ளலாகாது. ஒவ்வொரு பாகைக் காப்புக்கும் பின்னே ஒரு கடல் உண்டு. அதில் வீழ்ந்த பல்லாண்டு உழைப்பு உண்டு.

காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கைப் பிறர் முன்மாதிரியாகக் கொண்ட காலம் ஒன்று இருந்தது. இம்மண்ணிற் பிறந்து வளரும் தமிழ்ச் செல்வங்கள் தும்பாவின் இப்புதுக் கல்வியையும் தாய்மொழியில் தெளிந்து, தமக்கும் பிறர்க்கும் விளக்கவல்லராய் விளங்குவாராக. அதற்கு இச்சிறு கட்டுரை ஒரு படியாக அமையின், நம் சங்கம் செய்யும் பணிக்கு அதுவே தக்க பயனாகும்.